தண்ணீருக்குப் பயந்த சிலேட்டு அண்ணாச்சி

தண்ணீரைக் கண்டு இவ்வளவு பயப்படும் மனிதர் தாராவியில் மட்டுமல்ல, மும்பையிலேயே இன்னொருவர் கிடையாது. கடலுக்கடியில் எழுதுவதற்கு சிலேட்டு செய்துகொடுக்கிறவர் அவர்தான். எங்களுக்கு அவர் சிலேட்டு அண்ணாச்சி. மழையில் சந்தில் கணுக்காலளவு தண்ணீர் நின்றால் போதும், கடை மேஜைமேல் ஏறிச் சம்மணம் போட்டுவிடுவார். வடிந்து அரை மணி நேரம் கழித்துத்தான் இறங்குவார்.

அவர் தொழில் வீட்டு வாசல் பெயர்ப்பலகை செய்வது. கப்பலுக்கடியில் வேலை பார்க்கும் டைவர் ஒருவர் எப்போதோ கேட்கப்போக, வெள்ளை பிளாஸ்டிக் தகட்டை உப்புத்தாளால் தேய்த்து, ஓட்டை போட்டு, பென்சிலைக் கயிற்றில் கட்டிக் கொடுத்தார். சொரசொரப்பு இருந்தால் பென்சில் தண்ணீருக்குள்ளும் எழுதும். ஒவ்வொன்றையும் நீல டிரம்மில் கையை விட்டு எழுதிப் பார்ப்பார். தலை வெளியில்தான் இருக்கும், ஆனாலும் மூச்சை அடக்கிக்கொள்வார்.

நாற்பத்தெட்டு வயதில் கடலில் மூழ்கும் ஸ்கூபா கற்கும் அசட்டுத் துணிச்சல் வந்து, மாட்டுங்காவிலிருந்து அவரிடம் போனேன். அவர் தந்த சிலேட்டை வீட்டு பக்கெட் தண்ணீரில் அமுக்கி எழுதினால், பென்சில் வழுக்கிக்கொண்டு போகிறது. திருப்பிக் கொண்டுபோனேன்.

"அண்ணாச்சி, எழுதவே மாட்டேங்குதே?"

தடவிப் பார்த்தவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "டெஸ்ட் பண்ணுனப்போ எழுதிச்சே. பொறவு பாலீஷ் போட்டுட்டேன் தம்பி. பளபளப்பு இல்லாத சாமானை கஸ்டமர் கையில கொடுக்க மனசு வரமாட்டேங்கு."

பிராயச்சித்தமாக வேறொன்று செய்தார். அதன் ஓரத்தில் காது, மூக்கு, நெஞ்சு, வயிறு என்று படம் படமாகச் செதுக்கியிருந்தார்.

"இதென்ன, பாலர் வகுப்புச் சுவரா?" என்றேன்.

"வலிக்கும்போது எழுதிக்கிட்டா இருப்பிய? தொட்டுக் காட்டுங்க. ஏக்தம் பக்காவா புரிஞ்சிரும்."

மால்வன் கடலில் முதல் தடவை ஆழத்துக்கு இறங்கியபோது, வலது காதில் ஆணி அறைந்த மாதிரி வலித்தது. பதற்றத்தில் 'காது வலி' என்று சிலேட்டில் எழுதி நீட்டினேன், சுத்தத் தமிழில். கற்றுக்கொடுத்தவர் மராத்திக்காரர். அவர் என் கையெழுத்தை மரியாதையாகப் பார்த்துவிட்டு, இன்னும் கீழே போகலாம் என்று கை காட்டினார். என் சொந்தக் காதைத் தொட்டுக் காட்டலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அது எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே மறந்துவிட்டது. கண்ணுக்குத் தெரிந்தது அண்ணாச்சி செதுக்கிய காதுதான். அதை விரலால் குத்து குத்தென்று குத்தினேன். மராத்திக்காரர் என் கையைப் பிடித்து, மெல்ல மெல்ல மேலே கூட்டிவந்தார். இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தால் ஜவ்வு கிழிந்திருக்கும் என்றார் டாக்டர்.

அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். தரை காய்ந்துதான் கிடந்தது. இருந்தும் மேஜைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டார். இந்தக் காது அவர் போட்ட பிச்சை என்று இன்றைக்கும் யாரிடமும் சொல்வேன்.

இப்போதெல்லாம் கடைக்குப் போனால், சத்தம் காட்டாமல் என் பின்னால் வந்து நின்று, வலது காதோரம் ரகசியம் போல, "தம்பி, கேக்குதா?" என்பார்.

நன்றாகவே கேட்கும். ஆனாலும் முதல் தடவை நான் பதில் சொல்வதில்லை. அந்தக் குரல் இன்னொரு முறை காதில் விழட்டும் என்றுதான்.