நான் ஏற்றி வந்த ஜட்ஜுகள்

ஒரு மொழி மட்டும் பேசுகிறவனுக்கு வாய் தவறினால் ஒரு வழியாகத்தான் தவறும். எங்களைப் போன்ற மலேசியத் தமிழர்களுக்கு மூன்று வழிகள் உண்டு. தமிழில் யோசிப்போம், மலாயில் பேரம் பேசுவோம், ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்போம். தமிழில் நீதிமன்றத்தில் தீர்ப்புச் சொல்கிறவர் நீதிபதி. போட்டியில் புள்ளி போடுகிறவர் நடுவர். மலாயிலும் அவர் ஹக்கீம், இவர் ஜூரி. ஆங்கிலத்தில் மட்டும் இரண்டு பேருக்கும் ஜட்ஜ் என்று ஒரே பெயர். அந்தச் சனிக்கிழமை காலை, கோலா சிலாங்கூரில் ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் நின்றுகொண்டு, எனக்குத் தெரிந்த மூன்று மொழிகளில் நான் ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

என் மனைவி சுகுணா அந்த ஆண்டுதான் எங்கள் வட்டாரச் சமூக சேவை மன்றத்துக்குத் தலைவியாகியிருந்தாள். அதுவரை எங்கள் மன்றம் செய்த சேவை, ரத்த தானமும் தீபாவளிக்கு அரிசிப் பையும்தான். கோலாலம்பூருக்குச் சட்டப் பரிமாற்றத்துக்காக மொரிஷியஸ் நீதிபதிகள் மூவர் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், தலைநகர் மன்றத்துக்காரர்களை விடாமல் நச்சரித்து, ஒரு நாள் அவர்களை எங்கள் பக்கம் அனுப்பச் சம்மதிக்க வைத்துவிட்டாள். புக்கிட் பெலிம்பிங் பொது மண்டபத்தில் கூட்டம். உள்ளூர் வழக்கறிஞர்கள், பள்ளி மாணவர்கள், தோட்டத்துக் குடும்பங்கள் எல்லோரும் வருவார்கள். அந்த நாட்டில் சட்டம் எப்படி, நம் நாட்டில் எப்படி என்று பேசிக்கொள்ளலாம்.

துணைத் தலைவர் பரமசிவம் அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. தலைவர் நாற்காலி தனக்கு வரவேண்டியது என்று நம்பிக்கொண்டிருந்தவர் அவர்.

"நமக்கு எதுக்கும்மா இந்த அனைத்துலக வேலயெல்லாம்? நம்ம மைக்கே ஒழுங்கா பேசாது" என்று கூட்டத்தில் எல்லோர் முன்பும் சொல்லிவிட்டார்.

சுகுணா வீட்டுக்கு வரும் வழியிலேயே புது மைக் வாங்கினாள். இந்த நிகழ்ச்சி சொதப்பினால் அடுத்த தேர்தலுக்கு அவள் நிற்கவே முடியாது என்பது எனக்கும் தெரியும்.

எனக்குக் கொடுக்கப்பட்ட பொறுப்பு போக்குவரத்துக் குழு. (குழுவில் நான் மட்டும்தான். தலைவரும் நானே, டிரைவரும் நானே.) நீதிபதிகளை முதல் நாள் இரவே கோலாலம்பூர்க்காரர்கள் ஹோட்டலில் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். காலையில் வேனில் ஏற்றி வர வேண்டும், அவ்வளவுதான். அப்போது நான் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். ஒரு பொருளைப் பார்த்த மாத்திரத்தில் இது சரி, இது தப்பு என்று பிரித்துப் போடுவதுதான் என் தொழில். (சிரிக்காதீர்கள், பத்து ஆண்டுகளாகச் சம்பளம் கொடுத்தார்கள்.)

மொரிஷியஸ் பற்றிச் சுகுணா எவ்வளவோ சொல்லியிருந்தாள். அதில் என் மண்டையில் தங்கியது, அங்கே பிரெஞ்சு பேசுவார்கள் என்ற ஒன்றுதான். பிரெஞ்சு என்றால் வெள்ளைக்காரர்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

வரவேற்பறையில் நுழைந்தேன். இடது பக்கச் சோபாவில் கோட்டுப் போட்ட இரண்டு ஆண்களும் ஒரு பெண்மணியும் உட்கார்ந்திருந்தார்கள். அசல் நம்மாட்கள். வலது பக்கச் சோபாவில் இரண்டு ஆண்களும் ஒரு பெண்மணியும். அசல் வெள்ளைக்காரர்கள். தலையில் தொப்பி, கழுத்தில் தூரக்கண்ணாடி, காலில் சேறு படிந்த பூட்ஸ். பெரிய பதவியில் இருப்பவர்கள் எவ்வளவு எளிமையாக இருக்கிறார்கள் என்று எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது.

கோட்டுக்காரர்களில் அந்தப் பெண்மணி, என் சட்டையில் இருந்த மன்றச் சின்னத்தைப் பார்த்துவிட்டுப் புன்னகையோடு எழுந்து வந்தார். அன்று ஊரில் பெரிய கல்யாணம். விருந்தாளிகள் பாதிப் பேர் அந்த ஹோட்டலில்தான் தங்கியிருந்தார்கள். அவரை வாய் திறக்கவே விடாமல், "கல்யாண வேன் பின்னால வருதுங்க. கொஞ்சம் உக்காருங்க லா" என்று தமிழில் பணிவாகச் சொன்னேன். அவர் ஒரு கணம் விழித்தார், தலையாட்டினார், போய் உட்கார்ந்துகொண்டார்.

பிறகு வலது பக்கம் போய், என்னிடமிருந்த மிகச் சிறந்த ஆங்கிலத்தில், "நீங்கள்தானே ஜட்ஜுகள்?" என்று கேட்டேன்.

"ஆமாம், நாங்கள்தான். வண்டி வந்துவிட்டதா?" என்றார் வெள்ளைத் தாடிக்காரர்.

கேள்வியும் சரி. பதிலும் சரி. வேனும் சரியான நேரத்துக்கு மண்டபம் போய்ச் சேர்ந்தது. நாதஸ்வரம் ஊத, மாணவிகள் பன்னீர் தெளிக்க, மூவருக்கும் மாலை போட்டோம். சுகுணா என்னை ஓரமாக இழுத்து, "இவங்கதானா?" என்றாள்.

"கேட்டுத்தான் ஏத்துனேன்" என்றேன் பெருமையாக.

அவளுக்கு ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். ஆனால் மேடையில் மைக் கத்தத் தொடங்கியதும் அங்கே ஓடிவிட்டாள். பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் இருந்த பெயர்களைத் தப்பாக உச்சரித்து அவமானப்படுத்திவிடக் கூடாது என்று, பெயரே சொல்லாமல் 'மாண்புமிகு நீதிபதிகள்' என்று மொத்தமாக வரவேற்றாள்.

கேள்வி நேரம் வந்தது. இளம் வழக்கறிஞர் ஒருவர் ஆங்கிலத்தில் கேட்டு, பதிலைப் பெரியவர்களுக்காகத் தமிழில் சொன்னார். ஒரே விஷயத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகப் பார்த்ததாகச் சொன்னால் எப்படி முடிவெடுப்பீர்கள் என்பது முதல் கேள்வி.

தாடிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது எங்களுக்குத் தினமும் நடப்பதுதான் என்றார். எவ்வளவு தூரத்தில் நின்றாய், வெயில் எந்தப் பக்கம் அடித்தது, படம் எடுத்தாயா என்று கேட்பாராம். படம் இல்லையென்றால் சொந்த மனைவி சொன்னாலும் ஏற்க மாட்டாராம். பக்கத்தில் இருந்த பெண்மணி, அது உண்மைதான் என்று வருத்தத்தோடு தலையாட்டினார்.

மண்டபம் கைதட்டியது. பரமசிவம் அண்ணன் என் காதோரம் குனிந்து, "நேர்மையான மனுஷன்யா" என்றார். அவர் முகத்தில் தோல்வி தெரிந்தது. எனக்கு மனம் குளிர்ந்தது.

தீர்ப்புச் சொல்லும்போது எப்போதாவது பயந்ததுண்டா என்று ஒரு மாணவி கேட்டாள்.

"ஒருமுறை. பக்கத்திலேயே முதலை இருந்தது" என்றார் தாடிக்காரர்.

வழக்கறிஞர் ஒரு நொடி தயங்கினார். பிறகு தமிழில், "பெரிய பெரிய பண முதலைங்கள எல்லாம் எதிர்த்து நின்னிருக்காராம்" என்று முழங்கினார். தோட்டத்துப் பெரியவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டலுக்கு நடுவில்தான் சுகுணாவின் கைப்பேசி அதிர்ந்தது. பார்த்தவள் அப்படியே என்னிடம் நீட்டினாள். நெற்றியில் சந்தனமும் குங்குமமுமாக, வாழை இலைக்கு முன்னால், அந்த மூன்று கோட்டுக்காரர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கீழே ஆங்கிலத்தில் ஒரு செய்தி: 'அருமையான கல்யாணம். மிக்க நன்றி. சட்டக் கலந்துரையாடல் எத்தனை மணிக்கு?'

அதே நேரம் மேடையில் தாடிக்காரர், இன்று காலை அதிகமான கொக்குகளைப் பார்த்த அணி எது, கை தூக்குங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

(பறவை பார்க்கும் போட்டியின் நடுவர்கள். இயற்கைப் பூங்காவில் அவர்களைக் காணாமல் அணி அணியாக ஆட்கள் காத்திருந்தார்களாம்.)

சுகுணா என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "போய்க் கூட்டிட்டு வாங்க. இந்தத் தடவ பேரக் கேளுங்க" என்றாள் மெதுவாக.

கல்யாண மண்டபத்துக்கு வேனை விரட்டினேன். நான் போனபோது அந்தப் பெண் நீதிபதி பொண்ணு மாப்பிள்ளைக்கு அட்சதை போட்டு ஆசீர்வாதம் செய்துகொண்டிருந்தார். பெண் வீட்டார் அவர்களை மாப்பிள்ளை வீட்டு உறவு என்றும், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டு உறவு என்றும் நினைத்து, போட்டி போட்டுக்கொண்டு கவனித்திருக்கிறார்கள். நான் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன்.

நான் பேசிய தமிழில் அவருக்குப் புரிந்த ஒரே சொல் கல்யாணமாம். அவருடைய முன்னோர்கள் தமிழ்நாட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்கள். பேச்சு போய்விட்டது, கல்யாணம் என்ற சொல் மட்டும் வீட்டில் தங்கியிருக்கிறது. பின்னால் வந்த கல்யாண வேன்காரரும் கல்யாணமா என்று கேட்டிருக்கிறார். ஏறிவிட்டார்கள். "எங்கள் வீட்டிலும் இதே மஞ்சள், இதே மேளம்தான். நீங்கள் வேண்டுமென்றே ஏற்பாடு செய்தீர்கள் என்று நினைத்தேன்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன்.

பெண்ணின் தகப்பனார் விஷயத்தைக் கேட்டதும் என் தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். "நீதிபதிங்களா? நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கா? நீங்க மொதல்ல சாப்பிடுங்க தம்பி" என்றார். பாயசம் வரை சாப்பிட்டேன். (வேறு வழியில்லை.)

திரும்பும்போது என் வேனுக்குப் பின்னால் கல்யாண வீட்டுக் கார்கள் வரிசையாக வந்தன. தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டுப் பட்டா, ஓய்வூதியச் சேமிப்பு, வேலி தாண்டி வளர்ந்த ரம்புத்தான் மரம் என்று ஒவ்வொருவருக்கும் நீதிபதியிடம் கேட்க ஒரு கேள்வி இருந்தது. மண்டபம் வழிந்தது. அந்தப் பெண்மணி சாயங்காலம் வரை பொறுமையாகப் பேசினார். மற்ற இருவரும் வழக்கறிஞர்களோடு ரம்புத்தான் மரத்துக்காக ஒரு மணி நேரம் வாதாடினார்கள். கோபமாகத் தேடி வந்த பறவைப் போட்டிக்காரர்களை வடை கொடுத்து உட்கார வைத்தோம். தாடிக்காரர் முதல் வரிசையில் மாலையோடு உட்கார்ந்து, கடைசி வரை ஆர்வமாகக் கேட்டார்.

நன்றியுரையில் பரமசிவம் அண்ணன், ஒரே மேடையில் இரண்டு வகை ஜட்ஜுகளை ஏற்றிய முதல் மன்றம் நம்முடையதுதான் என்றும், இந்தத் திட்டத்துக்குத் தாம் முதல் நாளிலிருந்தே ஆதரவு என்றும் அறிவித்தார். அடுத்த தேர்தலில் சுகுணாவை எதிர்த்து யாரும் நிற்கவில்லை.

எனக்கு மட்டும் இன்னும் விடுதலை கிடைக்கவில்லை. போன மாதம் சிங்கப்பூரிலிருந்து என் மச்சான் (சுகுணாவின் தம்பி) குடும்பத்தோடு வந்தார். அவர்களை அழைத்துவர விமான நிலையத்துக்குப் போய், மற்ற டிரைவர்களோடு கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றேன். கதவு திறந்தது. மச்சானும் பிள்ளைகளும் வரிசையாக வெளியே வந்தார்கள். பயணிகளாகிய அவர்கள் கையில், என் பெயரைப் பெரிதாக எழுதிய அட்டை இருந்தது. சுகுணா சொல்லி எழுதியதாம்.

என்னைக் கண்டதும் மச்சான், "பேரச் சொல்லுங்க மாமா, அப்புறமா வண்டியில ஏறுறோம்" என்றார்.

நல்ல தமிழில், முழுப் பெயரையும் சொன்னேன்.