பலகையில் ஏறிய பாலம்

நெடுங்கரை என்று ஒரு நாடு இருந்தது. ஒரு காலத்தில் அங்கே பேரவைக்குப் போட்டியிட்டவர்கள் எல்லாரும் எல்லாவற்றையும் தருவதாகச் சொல்வார்கள். வென்றபின் ஊர்ப்பக்கம் தலைகாட்ட மாட்டார்கள். மக்கள் கொதித்துப் போனார்கள். இனி ஒருவரும் ஏமாறக் கூடாது என்று நல்ல மனத்தோடு பேரவை ஒரு சட்டம் போட்டது. கெட்ட மனத்தோடு போட்டிருந்தால் இவ்வளவு கெட்டிருக்காது என்று பிற்பாடு வருத்தப்பட்டவர்கள் உண்டு.

சட்டம் இதுதான். ஒவ்வொரு தொகுதியின் சந்தையிலும் ஒரு கரும்பலகை நிற்கும். நடுவே ஒரு வெள்ளைக் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு வேட்பாளர், அந்தப் பக்கம் இன்னொருவர். உப்பு வரிக்கு என்ன செய்வார், நெல்லுக்கு என்ன விலை வைப்பார், வண்டிச் சுங்கத்தை ஏற்றுவாரா இறக்குவாரா என்று காரணத்தோடு எழுதி வைக்க வேண்டும். மக்கள் ஒப்பிட்டுப் பார்த்து ஓட்டுப் போடுவார்கள். வென்றவர் தன் பக்கத்தில் எழுதியதைச் செய்தே ஆக வேண்டும். பலகையில் இல்லாத எதையும் அவர் தொடக் கூடாது. இதைக் கவனிக்க ஒப்பீட்டுத் துறை என்று ஒன்றும் பிறந்தது.

சில காலம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அப்புறம் துறைக்கு ஒரு கவலை வந்தது. சில விஷயங்களில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி எழுதியிருந்தது. ஒரே மாதிரி இருந்தால் மக்கள் எதை எதோடு ஒப்பிடுவார்கள்? உடனே திருத்தம் வந்தது: இரு வேட்பாளரும் ஒத்துப்போகும் விஷயம் பலகையிலிருந்து அழிக்கப்படும்.

தாழைத்துறைப் பாலம் இப்படித்தான் காணாமல் போனது. ஆற்றில் அல்ல, பலகையில்.

தாழைத்துறை என்பது ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிற ஊர். வைத்தியசாலை கிழக்குக் கரையில். நடுவே பழைய மரப்பாலம். அதன் பலகைகள் உளுத்து, சில இடங்களில் கீழே ஓடும் தண்ணீர் தெரிந்தது. பாலத்தைச் செப்பனிட வேண்டும் என்பதில் ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. எந்த வேட்பாளரும் மறுத்ததும் இல்லை. ஒவ்வொரு தேர்தலிலும் இருவரும் 'பாலம் வேண்டும்' என்று எழுத, ஒப்பீட்டு அதிகாரி சபாரத்தினம் ஈரத்துணியால் இரண்டு பக்கத்தையும் துடைத்துவிடுவார். வென்றவர் பாலத்தைத் தொட முடியாது. அடுத்த தேர்தல் வருவதற்குள் இன்னும் சில பலகைகள் ஆற்றோடு போகும்.

செங்கமலம் அந்த ஊரில் தயிர் விற்றாள். தலையில் பானையோடு தினமும் அக்கரைக்குப் போவாள். பாலத்தின் நடுவில் ஒரு பலகை மட்டும் உறுதியாக இருக்கும். அதில் பானையை இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொண்டுதான் மறுபாதியைக் கடப்பாள். புருஷன் குப்பாண்டிக்குச் சர்க்கரை வியாதி. காலில் ஒரு புண் ஆறாமல் கிடந்தது. வாரம் தவறாமல் அக்கரை வைத்தியசாலையில் கட்டு மாற்றாவிட்டால் காலையே எடுக்க வேண்டி வரும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். பக்கத்து வீட்டுச் சடையன்தான் அவனை முதுகில் சுமந்து பாலம் கடத்திக்கொண்டிருந்தான்.

தேர்தல் வந்தது. செங்கமலம் சபாரத்தினத்தைப் போய்ப் பார்த்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இந்தாம்மா, பாலம் வேணும்னு எல்லாருக்கும்தான் தெரியும். அதான் பிரச்சினையே. எல்லாரும் ஒத்துக்கிட்ட விஷயத்துல அரசாங்கம் எப்படித் தலையிட முடியும்?"

"அப்ப எல்லாரும் ஒத்துக்கிட்டா நடக்காதுங்களா?"

"யாராவது ஒருத்தர் வேண்டாம்னு சொல்லட்டும். அப்புறம் பாரு, துறை எவ்வளவு வேகமா வேலை செய்யுதுன்னு."

அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். ஆனால் செங்கமலத்துக்கு அதிலேயே ஒரு வழி தெரிந்துவிட்டது.

முதலில் உலக்கைச் சின்னத்தில் நின்ற வேலப்பப் பெருமாளிடம் போனாள். அவர் பெரிய நிலக்காரர், இரண்டு தடவை வென்றவர். பாலம் வேண்டாம் என்று தயவுசெய்து எழுதுங்கள் என்று அவள் கேட்டபோது அவர் மென்றுகொண்டிருந்த வெற்றிலை புரையேறிவிட்டது. அப்படி எழுதினால் தன் மாமியாரே தனக்கு ஓட்டுப் போட மாட்டாள் என்று சொல்லி அனுப்பினார்.

அடுத்து முறம் சின்னத்தில் நின்ற அருமைநாயகத்தின் வீட்டுக்குப் போனாள். அவர் பழைய பள்ளி வாத்தியார், சாது. நின்ற தேர்தலில் எல்லாம் தோற்றவர். செங்கமலம் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"நான் எழுதுனா பாலம் பலகையில நிக்கும். வேலப்பன் செயிப்பான். செயிச்சா கட்டியே ஆகணும். அதானே உன் கணக்கு?"

"ஆமாங்க வாத்தியாரே. உங்களைத் தோக்கச் சொல்றேன்னு நினைக்காதீங்க."

"அதை நீ வேற சொல்லணுமாம்மா? எனக்குப் பழக்கம்தானே." அவர் சிரித்தார். "உன் வீட்டுக்காரன் கால் நடக்கட்டும். எழுதுறேன்."

சட்டப்படி காரணமும் எழுத வேண்டும். பாலத்துக்கு எதிராக ஒரு காரணம் கண்டுபிடிக்க அந்த மனிதர் மிகவும் கஷ்டப்பட்டார். கடைசியில் இப்படி எழுதினார்: 'பாலம் நன்றாக இருந்தால் அக்கரைச் சரக்கு மலிவாக வந்து நம் ஊர் வியாபாரத்தைக் கெடுக்கும்.' எழுதிவிட்டு, இதை யார் நம்பப் போகிறார்கள் என்று செங்கமலத்திடமே கேட்டார். இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

பலகை எழுதிய நாளில் சந்தையே திரண்டு வந்தது. பல வருடங்களுக்குப் பிறகு பாலம் பலகையில் நின்றது. செங்கமலம் அதைக் கண் நிறையப் பார்த்தாள். முறத்துக்கு ஓட்டுப் போடும் ஆட்கள் முதலில் திகைத்துப் போனார்கள். வாத்தியாருக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். உலக்கைக்காரர்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள்.

சிரித்திருக்க வேண்டாம். முறத்துக்காரர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. வாத்தியார் காரணமில்லாமல் எழுத மாட்டார் என்றான் ஒருவன். அக்கரைத் தேங்காய் இங்கே வந்ததனால்தானே தன் தேங்காய் விலை போகவில்லை என்று இன்னொருவன் நினைவுபடுத்திக்கொண்டான். பாலத்தின் வழியாகத்தான் அம்மை நோய் வந்தது என்று ஒரு கிழவி சொன்னாள். வாரம் முடிவதற்குள், வாத்தியார் எழுதியதைவிட நல்ல காரணங்கள் ஊர் முழுக்க முளைத்துவிட்டன.

வேலப்பப் பெருமாளும் சும்மா இருக்கவில்லை. வித்தியாசம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று ஒப்பீட்டுத் துறை சொல்லிவிட்டதால், மரப்பாலம் போதாது, கல்பாலம் கட்டுவேன் என்று எழுதினார். இரண்டு முனையிலும் யானை வைத்த வளைவு, நடுவில் தன் தகப்பனாருக்குச் சிலை. செலவுக்கு நெல்லுக்கும் தயிருக்கும் புதிய வரி. அதுவரை பாலத்தின் பக்கம் இருந்த ஏழைகளில் பாதிப் பேர் அன்றோடு முறத்தின் பக்கம் போனார்கள்.

கருத்து மோதல் தெளிவாக இருக்க வேண்டும் என்று துறை அடுத்த உத்தரவைப் போட்டது. முறத்துக்காரர்கள் சந்தையின் வலப்பக்கமும் உலக்கைக்காரர்கள் இடப்பக்கமும்தான் சாமான் வாங்க வேண்டும். செங்கமலம் இடப்பக்கத்துக்கு அனுப்பப்பட்டாள். வலப்பக்கத்து வாடிக்கைக்காரர்கள் அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவளுக்குப் 'பாலத்துக்காரி' என்று பெயர் வைத்தார்கள்.

அந்த வாரம் கட்டு மாற்றும் நாளில் சடையன் வரவில்லை. செங்கமலம் அவன் வீட்டுக்குப் போனாள். அவன் மாட்டுக்குத் தீனி வைப்பதுபோல் குனிந்தே நின்றான்.

"அண்ணே, நேரமாச்சு. அவரு கிளம்பி உக்காந்திருக்காரு."

"குப்பாண்டியைத் தூக்க எனக்குச் சலிப்பில்ல தாயி. ஆனா அந்தப் பாலத்துல கால் வைக்கிறதில்லன்னு முறத்துக்காரங்க நாங்க எல்லாரும் சத்தியம் பண்ணியிருக்கோம்."

"போன வாரம் வச்சீங்களே அண்ணே."

"போன வாரம் எனக்குக் கருத்து இல்லையே," என்றான் சடையன். அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அவள் நேரே அருமைநாயகத்திடம் ஓடினாள். அவர் ஏற்கெனவே வேட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். இருவரும் ஒப்பீட்டுத் துறைக்குப் போனார்கள். தான் எழுதியது தன் எண்ணம் அல்ல, பாலம் பலகையில் நிற்பதற்காகச் சொன்னது, அழித்துவிடுங்கள் என்று வாத்தியார் சபாரத்தினத்தைக் கெஞ்சினார்.

"அழிச்சா நீங்க ரெண்டு பேரும் ஒத்துப்போறீங்கன்னு ஆயிடும். அப்ப பாலத்தையே பலகையில இருந்து எடுக்கணும்," என்றார் சபாரத்தினம். "அதோட, பலகை எழுதினப்புறம் வேட்பாளர் மனசு மாறக் கூடாதுன்னு நேத்துதான் உத்தரவு வந்திருக்கு. மாறுனா ஜனங்க ஒப்பிட்டதெல்லாம் வீணாப் போயிடுமில்ல? அவங்க எவ்வளவு சிரமப்பட்டு ஒரு முடிவுக்கு வந்திருக்காங்க."

தேர்தல் நடந்தது. அருமைநாயகம் வென்றார்.

வாழ்நாளில் முதல் முறையாக அவர் கழுத்தில் மாலை விழுந்தது. அவர் அழுதார். ஆனந்தக் கண்ணீர் என்று ஊர் சொன்னது.

'பாலம் வேண்டாம்' என்று எழுதியவர் இருக்கிற பாலத்தைப் பெயர்த்தே ஆக வேண்டும் அல்லவா? சும்மா விட்டுவிட்டால் போதாதா, அது தானாகவே விழுந்துவிடுமே என்று வாத்தியார் கேட்டுப் பார்த்தார். தானாக விழுவதை அரசின் சாதனையாகக் கணக்கில் காட்ட முடியாது என்று துறை பதில் அனுப்பியது. ஆட்கள் கடப்பாரையோடு வந்தார்கள். முதல் பலகையைப் பேரவை உறுப்பினரே பெயர்க்க வேண்டும் என்பது முறை. அருமைநாயகம் கடப்பாரையைக் கையில் வாங்கி, கரையில் கூட்டத்துக்குள் செங்கமலத்தைத் தேடினார். அவள் தலைகுனிந்து நின்றாள். அவர் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. யார் மேல் கோபப்படுவது என்று அவளுக்குத் தெரியவும் இல்லை.

பாலம் போனபின் அக்கரைக்குப் பரிசலில்தான் போக வேண்டியிருந்தது. வெள்ளம் வந்தால் பரிசலும் கிடையாது. அந்த மழைக்காலத்தில் ஆறு நீண்ட நாள் வடியவில்லை. வடிந்து, குப்பாண்டியை வைத்தியசாலையில் சேர்த்தபோது முழங்காலுக்குக் கீழே ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லி வைத்தியர் காலை எடுத்துவிட்டார். திரும்பி வரும்போது பரிசலில் செங்கமலம் பாலம் இருந்த இடத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். குப்பாண்டிதான் பேசினான்.

"ஏ புள்ள, எதுக்கு இப்படி உக்காந்திருக்க? என் கால் போனதுல முறத்துக்கும் உலக்கைக்கும் ஒரே கருத்துதான். ரெண்டு பேரும் ஐயோ பாவம்னுட்டாங்க. அதனாலதான் யாரும் ஒண்ணும் செய்யல."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

அடுத்த தேர்தல் வந்தது. அருமைநாயகம் நிற்கவில்லை. முறத்துக்குச் சடையனே நின்றான். உலக்கைக்கு மறுபடி வேலப்பப் பெருமாள். போன தடவை பட்ட பாட்டில் அவரும் புத்தி தெளிந்து, பாலம் வேண்டாம் என்றே எழுதிவிட்டார். இரண்டு பக்கமும் ஒத்துப்போனதால் சபாரத்தினம் ஈரத்துணியை எடுத்தார். இப்போது நெடுங்கரை நாட்டில் பாலத்தைப் பற்றி யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

மக்களின் ஆர்வத்தைப் பாராட்டி, தாழைத்துறைக்கு முன்னைவிடப் பெரிய ஒப்பீட்டுப் பலகை ஒன்றைத் துறை செய்து கொடுத்திருந்தது. மரத்துக்குப் பஞ்சமில்லை, பெயர்த்த பலகைகள் கரையிலேயே கிடந்தன. நல்லதாகப் பார்த்து எடுத்து, இழைத்து, கறுப்பு மை பூசி நிறுத்தினார்கள்.

செங்கமலம் தயிர்ப்பானையோடு சந்தையின் இடப்பக்கம் நின்று அதைப் பார்த்தாள். பலகையின் நடுவில், வெள்ளைக் கோடு போகும் இடத்தில், பானை வைத்து வைத்துத் தேய்ந்த ஒரு வட்டம் மைக்கு அடியிலும் தெரிந்தது. சுற்றி நின்றவர்கள் இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் மாறி மாறிப் படித்து, மும்முரமாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.