மோப்பமும் மூன்றாவது ரவுண்டும்

தாம்பரத்துக்குத் தெற்கே கம்ப்யூட்டரை மூக்கால் ரிப்பேர் செய்த ஒரே மனிதர் மோப்பம்தான். வடக்கே யாராவது இருந்தார்களா என்று எனக்குத் தெரியாது. இருந்திருந்தாலும் இவர் முன்னால் நின்றிருக்க முடியாது. அவ்வளவு பெரிய மூக்கு என்று நினைத்துவிடாதீர்கள். சின்ன மூக்குதான், கொஞ்சம் சப்பை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அதைக் கொண்டுபோய் கேபினெட்டின் பின்பக்கம் வைத்து, கண்ணை மூடி, ஒரு இழு இழுத்தார் என்றால், உள்ளே எது தீய்ந்திருக்கிறது, எது தீயப்போகிறது என்று சொல்லிவிடுவார்.

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் காலனியில் யாருக்கும் தெரியாது. மாடம்பாக்கம் ரோட்டில், மாவு மெஷினுக்கு அடுத்த கடை அவருடையது. கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தவர். கருகிய காயிலை முகர்ந்து முகர்ந்தே அந்த மூக்கு பழகிவிட்டது. தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் காலனியில் வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் முளைத்தபோது, 'மோட்டார் காயில் கட்டப்படும்' என்ற போர்டின் கீழே, 'கம்ப்யூட்டரும் பார்க்கப்படும்' என்று சிவப்புப் பெயின்டில் ஒரு வரியைச் சேர்த்தார். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் மூன்று பேர் வந்து பார்த்தும் பிடிபடாத கோளாறை, வாசற்படியில் நின்றே, "பல்லி. பவர் சப்ளைல. ரெண்டு நாளாவுது" என்று சொன்னார். திறந்து பார்த்தார்கள். பல்லிதான். அன்றைக்கு வைத்த பெயர்தான் மோப்பம்.

அவர் வீட்டுக்கு வருகிறார் என்றால் வீடே மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். "அக்கா, அந்தத் தாளிப்ப கொஞ்சம் நிறுத்திக்க. கடுகு வாசனைல கெபாசிட்டர் வாசனை தெரியமாட்டேங்குது" என்று சமையலறையைப் பார்த்து உத்தரவு போடுவார். பவுடர் பூசியவர்கள் பக்கத்து ரூமுக்குப் போய்விட வேண்டும். மாவு மெஷினில் மிளகாய் அரைக்கிற நாளில் கடையைப் பூட்டிவிடுவார். மற்ற நாட்களில் கடை பூட்டியிருந்தால் வாசலில் ஒரு சிலேட்டு தொங்கும்: 'ஜலதோஷம். லீவு.'

என் வீட்டுக்கு முதலில் அவர் வந்தது சவுண்டு கார்டு போட. சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு வேலையில் இறங்கினார். புதிதாக அரைத்த காப்பித்தூள். காப்பியில் ரொம்பக் கறாரான ஆசாமி போலிருக்கிறது, தூளைக்கூடக் கையோடு கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்த என் மனைவி வசந்தா, அதைக் கொண்டுபோய் டிகாக்‌ஷன் இறக்கி, நுரை பொங்க ஆற்றி, அவர் கையில் கொடுத்துவிட்டாள். டம்ளரை மூக்கருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னா அக்கா, என் டெஸ்டரையே கலக்கிக் குட்த்துட்டியே!"

ஒவ்வொரு பார்ட்டாக முகரும்போதும் நடுவில் அந்தக் காப்பித்தூளை ஒரு தடவை முகர்ந்தால்தான் மூக்கு சுத்தமாகுமாம். டெஸ்டர் போய்விட்டதால் மெஷினைக் கடைக்கே தூக்கிக்கொண்டு போய், கார்டைப் போட்டு, உள்ளே தூசியும் துடைத்து, மறுநாள் திருப்பித் தந்தார். காப்பியையும் குடித்துவிட்டுத்தான் போனார். இந்த ஒரு நாள் மெஷின் அவர் கடையில் இருந்ததை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொண்டேன், கெடுதலாக.

இப்போது என் வண்டவாளத்துக்கு வருகிறேன். அந்தக் கம்ப்யூட்டரை மகளுடைய படிப்புக்காக வாங்கியதாக ஊரெல்லாம் சொல்லியிருந்தேன். வீட்டில், "ஆபீஸ் லெட்டர் டைப் அடிக்கப் பழகறேன்" என்று சொல்லியிருந்தேன். உண்மையில் விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கார் ரேஸ் விளையாடினேன். எனக்கு சைக்கிள் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது. ஸ்கூட்டர் பழகப்போய் சேலையூர் ஏரிக்கரையில் ஓர் எருமைக்கு வழிவிட்டுச் சேற்றில் விழுந்தவன் நான். அப்படிப்பட்டவன் சிவப்புக் காரில் இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் மலைப்பாதையில் வளைந்து வளைந்து போய்விட்டு, குளித்து, தயிர்சாத டப்பாவோடு மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு ஆபீஸ் போவேன். சவுண்டு கார்டு போட்டதே எஞ்சின் உறுமுவதைக் கேட்கத்தான்.

அந்த வருஷம் ஆயுத பூஜையைப் பிரமாதமாகக் கொண்டாடினேன். சைக்கிள், தையல் மெஷின், அரிவாள்மணை, கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், பூ, பொரி, சுண்டல். விஜயதசமிக்கு மறுநாள் காலை காரை எடுத்தேன். முதல் ரவுண்டு ஜோர். இரண்டாவது ரவுண்டு அதைவிட ஜோர். மூன்றாவது ரவுண்டில் பாலத்துக்கு மேலே போகும்போது கார் அந்தரத்தில் நின்றது. திரை முழுக்க நீலம். அதில் வெள்ளை எழுத்தில் ஏதோ திட்டியிருந்தது. மறுநாளும் அதே மூன்றாவது ரவுண்டு, அதே பாலம், அதே நீலம்.

மோப்பத்தைக் கூப்பிட்டேன்.

"இன்னா பண்ணும்போது சார் நிக்குது?"

"லெட்டர் டைப் பண்ணும்போது."

டாக்டரிடம் வயிற்றுவலியைத் தலைவலி என்று சொன்ன மாதிரிதான். அவர் என்னை நம்பினார். நாற்காலியில் உட்கார்ந்து ஒற்றை விரலால் ஒரு லீவு லெட்டர் அடித்தார். பிறகு இன்னொன்று. எட்டாம் வகுப்பு வாத்தியார் சொல்லிக்கொடுத்த ஒரே இங்கிலீஷ் அதுதானாம். இரண்டரை மணி நேரத்தில் முப்பது தடவை காய்ச்சல் வந்து லீவு கேட்டார். மெஷின் அசையவில்லை. நான் பக்கத்தில் நின்று, "அப்பப்போதான் நிக்கும்" என்று முனகிக்கொண்டிருந்தேன். கடைசியில் பின்பக்கம் முகர்ந்து பார்த்தவர் நெற்றியைச் சுருக்கினார்.

"லேசா சந்தன வாசன வருதே சார்."

"இது பூஜை நடந்த வீடுய்யா. வேறென்ன வாசனை வரும்?"

"அதுவும் சர்தான். மெஷினு நல்லாதான் கீது சார்" என்று போய்விட்டார். அடுத்த நாள் காலை, மூன்றாவது ரவுண்டு, பாலம், நீலம்.

அப்போதுதான் என் மண்டையில் அந்த எண்ணம் உதித்தது. ஒரு நாள் மெஷின் அவர் கடையில் இருந்ததே! நல்ல பார்ட்டைக் கழற்றிக்கொண்டு பழசை மாட்டியிருந்தால்? எண்ணத்தை மனசோடு வைத்துக்கொண்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலனி நலச்சங்கக் கூட்டத்தில், தெருவிளக்கு விவகாரம் முடிந்ததும் எழுந்து நின்றேன். "நம்ம மோப்பம் பார்ட்டை மாத்தறான். என் வீட்லயே நடந்திருக்கு" என்றேன். அவன், இவன் என்றுதான் சொன்னேன். இப்போது எழுதும்போதே காது சுடுகிறது.

அவ்வளவுதான். ஒருவர் தன் கம்ப்யூட்டரும் மெதுவாக ஓடுவதாகச் சொன்னார். இன்னொருவர் மோப்பம் தொட்டே இராத தன் மிக்ஸியைக்கூட இந்தக் கணக்கில் சேர்த்தார். சங்கச் செக்ரட்டரி, மின்சார வாரியத்தில் ரிட்டயர் ஆனவர், "இனிமே யாரும் அவனைக் கூப்பிட வேணாம்" என்று மினிட்ஸ் புத்தகத்தில் எழுதினார். இரண்டு வாரத்தில் மோப்பத்தின் கடைக்குக் காலனியிலிருந்து ஈ காக்கைகூடப் போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரே வந்து என் கேட்டுக்கு வெளியே நின்றார். உள்ளே வரவில்லை.

"சார், எம் மேல திருட்டுப் பேரு வந்துகினு கீது. தொழில் போனா இன்னொண்ணு பாத்துக்கலாம். பேரு போச்சின்னா இன்னா சார் பண்றது? நாலு பெரிய மனுசங்கள இட்டுகினு வா. அவங்க முன்னாலயே பாக்கறேன்."

செக்ரட்டரி வந்தார், கூடவே மூன்று பேர். ஹாலில் நாற்காலி போட்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். மோப்பம் மறுபடியும் கேட்டார்: "கரெக்டா சொல்லு சார். இன்னா பண்ணும்போது நிக்குது?"

நான் வாயைத் திறப்பதற்குள் வசந்தா சமையலறை வாசலிலிருந்து சொன்னாள்:

"கார் ஓட்டும்போது. மூணாவது ரவுண்டு. இவர் லெட்டர் அடிச்சு நான் பார்த்ததே இல்ல. தினமும் அஞ்சு மணிக்கு எழுந்து கார்தான். பிரேக் போடறப்பல்லாம் காலால மேஜைய உதைக்கிறார். எனக்குத் தெரியாதா?"

நாலு பெரிய மனுஷர்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மோப்பம் மட்டும் பார்க்கவில்லை. அவர் காரைக் கிளப்பினார். அவருக்கும் ஓட்டத் தெரியவில்லை. மலையில் மோதினார், ஆட்டு மந்தையில் மோதினார். "ஓரமா போய்யா" என்று செக்ரட்டரியே கத்தினார். ஒருவழியாக மூன்றாவது ரவுண்டு வந்தது. பாலம் வந்தது. நீலம் வந்தது.

சட்டென்று எழுந்து பின்பக்கம் குனிந்து மூக்கை வைத்தார். காப்பித்தூளை ஒரு தரம் முகர்ந்துவிட்டு மறுபடி வைத்தார். மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஸ்க்ரூவைக் கழற்றி மூடியைத் திறந்தார். நான்தான் பக்கத்தில் நின்றேன். மற்றவர்களுக்கு அவர் முதுகுதான் தெரிந்தது.

ப்ராசஸருக்கு மேலே ஒரு குட்டி விசிறி உண்டு, அது சூடாகாமல் பார்த்துக்கொள்ள. அந்த விசிறியின் நடு வட்டத்தில் எட்டணா அகலத்துக்குச் சந்தனம். அதன் நடுவில் குங்குமம். சந்தனம் வழிந்து, இறக்கைக்கும் சட்டத்துக்கும் நடுவில் போய்க் காய்ந்து, விசிறியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. லெட்டர் அடித்தால் விசிறி இல்லாமலே சமாளித்துவிடும். கார் ஓட்டினால் சூடு தாங்காது.

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. ஆயுத பூஜையன்று வசந்தாவும் மகளும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். வெறும் தகரப் பெட்டிக்குப் பொட்டு வைத்து என்ன பிரயோஜனம், உழைக்கிற ஆயுதம் உள்ளே அல்லவா இருக்கிறது என்று எனக்கு ஞானோதயம் ஆகி, மூடியைத் திறந்தேன். உள்ளே வட்டமாக, நெற்றி மாதிரி ஒரு இடம் தெரிந்தது. பக்தியோடு, தாராளமாக வைத்தேன்.

மோப்பம் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. பிறகு நகத்தால் அந்தச் சந்தனத்தைப் பொறுமையாகச் சுரண்டி எடுத்தார். கீழே போடவில்லை. கண்ணில் ஒற்றி, தன் நெற்றியில் கொஞ்சம் இட்டுக்கொண்டு, மீதியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். விசிறியை விரலால் சுண்டினார். சுற்றியது.

"என்னய்யா கோளாறு?" என்றார் செக்ரட்டரி.

"தூசி சார். விசிறில அடைச்சிகினு இருந்திச்சி."

"போன மாசம்தானே சர்வீஸ் பண்ணினே? அதுக்குள்ள எப்படி தூசி?"

மோப்பம் ஒரு நிமிஷம் பேசாமல் நின்றார். அந்த ஒரு நிமிஷத்தை எனக்காகத்தான் விட்டிருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"நான்தான் சரியா தொடைக்காம வுட்டுட்டேன் சார். எம் மேலதான் தப்பு."

அப்போது நான் செய்ததைத்தான் இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. அவர் தோளில் கையை வைத்து, பெருந்தன்மையாக, "சரி சரி, பரவாயில்ல. இனிமே பாத்துச் செய்" என்றேன். அவரை நான் மன்னித்தேன். நாலு பேரும் என்னை மெச்சினார்கள். வசந்தா எல்லாருக்கும் காப்பி கொண்டுவந்தாள்.

திருடன் என்ற பேர் போய், தூசிகூடத் துடைக்கத் தெரியாதவன் என்ற பேர் வந்தது. கம்ப்யூட்டர் பார்க்க செக்ரட்டரி வேறு ஆளைப் பிடித்தார். ஒரு மாதம் கழித்து பஸ்ஸில் போகும்போது பார்த்தேன், அந்தப் போர்டில் சிவப்பு வரியின்மேல் வெள்ளைப் பெயின்ட் அடித்திருந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன். ஒரு பழைய மோட்டாரை மடியில் வைத்துக் காயில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஏன்யா சொல்லல? சந்தனம்னு சொல்லியிருக்கலாமே!"

"சாமிக்கு வெச்சது சார். அத்த எப்டி கோளாறுன்னு வாயால சொல்றது? அதுவும் இல்லாம, உன் மூஞ்சியப் பாத்தேன். அக்கா வேற நின்னுகினு இருந்திச்சி" என்றார். பிறகு, "கார் ஓடுதா சார்?" என்று கேட்டார்.

"ஓடுது. ஆறாவது ரவுண்டு வந்துட்டேன்."

"ஆறாவதா!" என்று நிஜமாகவே சந்தோஷப்பட்டார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் உண்மையைச் சொல்லிவிடுவதாக அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த ஞாயிறு தண்ணி லாரிப் பிரச்னை வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு வேறு ஏதோ. அப்புறம் வருஷங்கள் ஓடிவிட்டன. அவர் கடையைக் காலி செய்துவிட்டு வண்டலூர் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். எங்கே என்று நான் தேடிப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

இந்தப் பத்திரிகை எங்கள் காலனியில் பல வீடுகளில் வாங்கப்படுகிறது. அதனால் இங்கே எழுதுகிறேன். பெரியோர்களே, அது தூசி இல்லை, சந்தனம். வைத்தவன் நான். மோப்பம் எதையும் மாற்றவில்லை, எதையும் துடைக்காமல் விடவும் இல்லை. மினிட்ஸ் புத்தகம் இன்னும் இருந்தால் தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள்.

இப்போது வீட்டில் இருப்பது நான்காவது கம்ப்யூட்டர். சூடாகும்போதெல்லாம் யாரும் பார்க்காத நேரத்தில் குனிந்து பின்பக்கம் முகர்ந்து பார்க்கிறேன். எனக்கு ஒரு வாசனையும் பிடிபடுவதில்லை. அவர் ஒரு தடவை வந்து பார்த்தால் தேவலை. தாளிப்பை நிறுத்திவிடுகிறோம்.