பாலைவனச் சிங்கம் விலகுகிறது

வாசகரே, இணையக் குழுக்களில் வாழும் உயிர்களில் ‘விலகுவோர்’ என்று ஓர் இனம் உண்டு. விலகியவர்களோடு இவர்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். விலகியவர்கள் பாவம், ஒரு நாள் சத்தமில்லாமல் போய்விடுவார்கள். போனது பக்கத்து ஆளுக்குக்கூடத் தெரியாது. விலகுவோர் போகமாட்டார்கள். போகிறேன் என்பார்கள். மீன் வளர்ப்போர் குழுவோ, தபால்தலை சேர்ப்போர் குழுவோ, வீட்டிலேயே ரொட்டி சுடுவோர் குழுவோ, எதுவாக இருந்தாலும் சரி, ஒருவர் ‘என் மீன் ஏன் என்னை இப்படிப் பார்க்கிறது?’ என்று கேட்டு, இன்னொருவர் பதில் சொல்லி, மூன்றாமவர் அதை மறுத்து, நாலாமவர் ‘உங்களுக்கு மீனைப் பற்றி என்ன தெரியும்?’ என்று சட்டைக் கையை மடித்து, சண்டை பதமாகச் சூடேறி எல்லோரும் சந்தோஷமாக இருக்கும் நேரத்தில், ‘இத்துடன் இந்தக் குழுவிலிருந்து கனத்த மனதோடு விலகுகிறேன்’ என்று ஒருவர் எழுதுவார் பாருங்கள், அவர்தான். எழுதிவிட்டு என்ன செய்வார்? அங்கேயே உட்கார்ந்து, யார் அழுகிறார்கள் என்று பார்ப்பார்.

எனக்குத் தெரிந்த விலகுவோர் ஒருவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கடையில் அவரைப் போல் பொறுமைசாலி கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்தவர் சுவரிலிருக்கும் எழுத்தை எத்தனை தரம் தப்பாகப் படித்தாலும், “அவசரமே இல்லைங்க. இதுல தெளிவா இருக்கா, இதுலயா? மறுபடி பாருங்க” என்று வில்லையை மாற்றி மாற்றிப் போடுவார். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணுக்குத் தெரிவதுதான் உண்மை என்று ஒப்புக்கொண்டு பிழைத்த மனிதர், கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால் வேறு ஆள். அங்கே அவர் பெயர் பாலைவனச் சிங்கம். குழுவின் பெயர் ‘கள்ளி நண்பர்கள்’.

கள்ளிச்செடிக்குத் தண்ணீர் என்பது விஷம் என்பது சிங்கத்தின் கட்சி. செடி என்று பிறந்துவிட்டால் அதற்குத் தண்ணீர் வேண்டும் என்பது எதிர்க்கட்சி. எதிர்க்கட்சித் தலைவர் ஒரு மருந்துக்கடைக்காரர். குழுவில் அவர் பெயர் மழைமேகம். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. ஆனால் காலையில் பல் துலக்கும்போது மனைவியைவிட முதலில் ஒருவரையொருவர்தான் நினைத்துக்கொள்வார்கள்.

சண்டை முற்ற முற்ற மரியாதை கூடும். முதலில் ‘நீங்க’. கொஞ்சம் காரம் ஏறினால் ‘தாங்கள்’. ‘மதிப்பிற்குரிய நண்பர்’ என்று வந்துவிட்டால் கத்தி உறையை விட்டு வெளியே வந்துவிட்டது என்று பொருள். ‘சிலர்’ என்று எழுதினால் ஒரே ஒருவர். ‘பெயர் சொல்ல விரும்பவில்லை’ என்றால் எல்லோருக்கும் பெயர் தெரியும்.

பிறகு விலகல். சிங்கத்தின் விலகல் கடிதம் ஒரு தனிக் கலை. முதலில் குழுவுக்கு நன்றி, அப்புறம் தன் கள்ளிகளை நோய்நொடி பார்க்காமல் வளர்த்த கஷ்டம், நடுவில் ‘சிலர்’, கடைசியில் குழு மேன்மேலும் வளர வாழ்த்து. அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைப்பார். நிமிர்த்துவார். கவிழ்ப்பார். ‘போகாதீங்க சார்’ என்று ஒன்று வந்தால் மூச்சு வரும். அழும் பொம்மைகள் வரிசையாக வந்தால் முகம் மலரும். மறுநாள் காலையில், ‘அன்பு வற்புறுத்தலுக்கு இணங்கி’ என்று தொடங்கும் அடுத்த கடிதம்.

அவர் மனைவி மின்சார அலுவலகத்தில் புகார் வாங்கும் பிரிவில் வேலை பார்த்தார். ஊரில் கரண்ட் போனால் முதல் வசவு அவர் காதில்தான் விழும். வீட்டுக்கு வந்தும் அதே தொழில்தான்.

“ஏங்க, முகம் ஏன் இப்படி இருக்கு? விலகிட்டீங்களா?”

“இந்தத் தடவை நிஜமாவே விலகுறேன்.”

“உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது” என்று சொல்லிவிட்டு அவர் துணி மடிக்கப் போய்விடுவார்.

இப்படியே போயிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். ஒரு நாள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பேருந்து ஓட்டுநர் ஒருவர், பாவம், ஒன்றும் அறியாமல் ஒரு படம் போட்டுக் கேட்டார்: ‘என் கள்ளி ஒரு பக்கமா சாயுது. என்ன பண்ணலாம்?’ தண்ணீர் அதிகம் என்றார் சிங்கம். தண்ணீர் போதாது என்றார் மழைமேகம். மண், வேர், காற்று, வளர்ப்பு, வளர்த்தவர்களின் வளர்ப்பு என்று பேச்சு விரிந்தது. நடுவே ஓட்டுநர், ‘வெளிச்சம் பாத்து சாயுதுன்னு நினைக்கிறேன், தொட்டியைத் திருப்பி வெச்சுட்டேன், நன்றி’ என்று எழுதியதை ஒருவரும் கவனிக்கவில்லை. ‘தாங்கள்’ போய் ‘மதிப்பிற்குரிய நண்பர்’ வந்தார். சிங்கம் விலகல் கடிதத்தை அனுப்பினார். வழக்கம் போல் போனைக் கவிழ்த்தார்.

நிமிர்த்தியபோது பதில் வந்திருந்தது. குழுவை நடத்துபவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர். எழுதியிருந்தார்: ‘சிங்கம் சாரின் முடிவை மதிக்கிறோம். வருகிற ஞாயிறு நூலக மாடியில் அவருக்குப் பிரிவு உபசார விழா. அனைவரும் வருக.’

அழும் பொம்மை ஒன்றுகூட இல்லை. கைதட்டும் பொம்மைகள்தான்.

“போகாம இருந்துட்டா?” என்றார் சிங்கம்.

“உங்களுக்கு நடக்கிற விழாவுக்கு நீங்களே போகலைன்னா எப்படி? நல்ல சட்டை எடுத்து வெச்சிருக்கேன்” என்றார் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை நூலக மாடி நிறைந்திருந்தது. மேசைமேல் விரிப்பு, பிஸ்கட், சுவரில் ‘சென்று வாருங்கள்’ என்று வண்ணக் காகிதத்தில் வெட்டி ஒட்டிய எழுத்து. ஒல்லியாக, கொஞ்சம் கூன்போட்டு, கையில் துணிப்பையோடு ஒருவர் வந்து, “வணக்கங்க. நான்தான் மழைமேகம்” என்று கூச்சத்தோடு சொன்னார். சிங்கம் எதிர்பார்த்தது மீசை வைத்த தடியரை. “உக்காருங்க, உக்காருங்க” என்று தன் நாற்காலியையே நகர்த்திப் போட்டார். “ஐயோ, நீங்க உக்காருங்க” என்றார் அவர். கடைசியில் இருவரும் நின்றுகொண்டே இருந்தார்கள்.

எல்லோரும் பேசினார்கள். இத்தனை அருமையான மனிதரா நாம் என்று சிங்கத்துக்கே ஆச்சரியம். இவ்வளவு புகழ்கிறார்களே, இப்போதாவது ஒருத்தர் ‘போகாதீங்க’ என்பார் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒவ்வொரு பேச்சும் ‘எங்கிருந்தாலும் நல்லா இருக்கணும்’ என்றே முடிந்தது. பிறகு குழுவின் சார்பில் மழைமேகம் நினைவுப் பரிசு கொடுத்தார். பிரித்தார்கள். பளபளவென்று ஒரு பூவாளி. செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற பூவாளி!

“அடுத்து,” என்றார் தலைமையாசிரியை, வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லும் குரலில், “நம்ம சார் எல்லார் முன்னாடியும் அந்தப் பட்டனை அமுக்கி, முறைப்படி விலகுவார்.”

சிங்கம் போனை எடுத்தார். தடவினார். முகத்தில் ஒரு வெளிச்சம். “அடடா, இங்க நெட்வொர்க்கே இல்லைங்க. வீட்டுக்குப் போய்...”

“சார், என் ஹாட்ஸ்பாட் இருக்கு, போட்டுக்குங்க” என்று ஓடி வந்தார் அந்தப் பேருந்து ஓட்டுநர். அவ்வளவு நல்ல மனிதர்.

அமுக்கினார். அறை அதிரக் கைதட்டல்.

திரும்பும் வழியில் பூவாளியை மடியில் வைத்துக்கொண்டு சிங்கம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். மனைவி ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று யோசித்து, “உங்கள் இணைப்பு துண்டிக்கப்பட்டது” என்றார். சிங்கம் சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும் மனைவிக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

அதன் பிறகு வந்த நாட்கள் மோசமானவை. எவரோடும் சண்டையில்லை. உள்ளே ஊறுகிற மறுப்பையெல்லாம் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? கடையில் கொட்டினார்.

“இப்ப தெரியுதாங்க?”

“தெரியலையே.”

“தெரியும். நல்லா பாருங்க.”

“நிஜமா தெரியலைங்க.”

“தெரியலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அந்த வாடிக்கையாளர் எதிர்வரிசைக் கடையில் கண்ணாடி வாங்கிக்கொண்டார். வீட்டிலும் கை சும்மா இருக்கவில்லை. பால்கனியில் வருஷக்கணக்காகப் பந்து மாதிரி உட்கார்ந்திருந்த உருண்டைக் கள்ளி ஒன்று. அவர் குழுவில் சேர்வதற்கு முன்பே வாங்கியது. யாரும் பார்க்காத ஒரு மத்தியானம் பூவாளியை எடுத்து அதற்குத் தண்ணீர் விட்டார். விட்டுவிட்டுத் திருடனைப் போலச் சுற்றும் முற்றும் பார்த்தார். மறுநாளும் விட்டார்.

ஒரு காலையில் அந்தக் கள்ளி பூத்திருந்தது.

நடு மண்டையில், செடியைவிடப் பெரிய பூ. வெளியே வெளிர் சிவப்பு, உள்ளே போகப் போக அடர்ந்து, நடுவில் மஞ்சள் பொடி. சிங்கம் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

“இங்க வாயேன்! சீக்கிரம் வா!”

மனைவி தலை வாரியபடி வந்து பார்த்தார். “நல்லா இருக்குங்க.”

“அவ்வளவுதானா?”

“ரொம்ப நல்லா இருக்கு. நிஜமா. கண்ணு பட்டுடும் போல இருக்கு.”

அவர் மனதாரத்தான் சொன்னார். சிங்கத்துக்குப் போதவில்லை. படம் எடுத்து மச்சானுக்கு அனுப்பினார். கட்டைவிரல் ஒன்று வந்தது. தம்பிக்கு அனுப்பினார், ‘சூப்பர்’ என்று வந்தது. சூப்பராம்! இது எப்படிப் பூத்தது, ஏன் பூத்தது, பூத்தது சரிதானா, ஒரு கேள்வி உண்டா? இந்தப் பூ சாயங்காலம் வாடிவிடும். அதற்குள் விஷயம் தெரிந்த ஒருவர் பார்த்து, முகம் சுளித்து, இதில் ஒரு குற்றம் கண்டுபிடிக்க வேண்டாமா?

கடையைத் திறக்காமல், தொட்டியை ஒரு அட்டைப்பெட்டியில் இறக்கி, மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் மருந்துக்கடைக்குப் போனார்.

மழைமேகம் ஒரு பெண்ணுக்குத் தலைவலி மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். பெட்டி திறந்ததும் மாத்திரை கையிலேயே நின்றுவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, குனிந்து, பூவை மோந்து, மண்ணில் விரல் வைத்தார்.

“தண்ணி ஊத்தியிருக்கீங்க.”

“ஒரு சொட்டு இல்ல!”

“மண்ணு ஈரமா இருக்கு சார்.”

“அது... பேருந்துல ஒருத்தர் கொட்டிட்டார்.”

மழைமேகம் விரலிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். பிறகு சிங்கத்தின் கையைப் பிடித்து, மருந்து அலமாரிக்குப் பின்னாலிருந்த ஜன்னலுக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு கள்ளி, தொட்டி மண் வெடித்துக் காய்ந்து கிடக்க, கொழுகொழுவென்று நின்றது.

“என்னுது எல்லாம் அழுகிப் போச்சு சார். யாருக்கும் சொல்லல. இது ஒண்ணு மட்டும் நீங்க எழுதின மாதிரியே காயப் போட்டேன். பொழைச்சுக்கிச்சு.”

இருவரும் அதையும் இதையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிங்கத்தின் குரல் இறங்கியது. “அந்தப் பூவாளிதாங்க. கை சும்மா இருக்க மாட்டேங்குது.”

“நீங்க போனதுல இருந்து அங்க எல்லாரும் ‘அருமை’, ‘அழகு’ன்னே போடுறாங்க சார். நான் வேணும்னே தப்பா ஒண்ணு எழுதினேன். அதுக்கும் ‘அருமை’ன்னாங்க. சாப்பாடே இறங்கல.” மழைமேகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. “வந்துடுங்க சார்.”

வாசகரே, எத்தனையோ கடிதம் எழுதி, எத்தனையோ அழும் பொம்மைகளைப் பார்த்தவர்தான். ஆனால் நேரில், ஒரு மனிதர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிக் கேட்டது அன்றுதான். சிங்கம் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

“இதை மட்டும் குழுவுல சொல்லிடாதீங்க” என்றார்.

“நீங்களும்” என்றார் அவர்.

“அண்ணே,” என்றது வெளியிலிருந்து ஒரு குரல், “அந்த மாத்திரையைக் குடுத்துட்டு அழுங்களேன், தலை வெடிக்குது.”

சிங்கம் அங்கேயே நின்று விண்ணப்பம் போட்டார். தலைமையாசிரியை, ‘ஒழுங்காக நடந்துகொள்வதானால் வரலாம்’ என்று சேர்த்துக்கொண்டார். உடனே பூவின் படம் ஏறியது, கீழே ஒரு வரி: ‘ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பூத்தது.’

கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மழைமேகம் போனை எடுத்துத் தட்டினார்: ‘பொய்.’

‘தாங்கள் நிரூபிக்க முடியுமா?’ என்று இந்தப் பக்கம் நின்றபடி தட்டினார் சிங்கம்.

ஒருவர் மூச்சு இன்னொருவர்மேல் படும் தூரத்தில், தலை நிமிராமல், முகத்தில் புன்னகை வழிய, இருவரும் சாயங்காலம் வரை மோதினார்கள். குழு திருவிழாக்கோலம் கொண்டது. இடையிடையே மழைமேகம் சிங்கத்துக்கு டீ வாங்கிக் கொடுத்தார். டீயை உறிஞ்சிக்கொண்டே சிங்கம், ‘மதிப்பிற்குரிய நண்பருக்கு மருந்தும் தெரியாது, மண்ணும் தெரியாது’ என்று எழுதினார். பூ பெட்டிக்குள்ளேயே மெல்லச் சுருங்கி வாடியது. அதை முழுசாக, நிதானமாகப் பார்த்தவர் அன்று ஒரே ஒருவர்தான். தலைவலி மாத்திரை வாங்க வந்த பெண். அவருக்கு எந்தக் கட்சியும் இல்லை.

வேடிக்கையாக இருக்கிறது, இல்லையா? சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். உறவினர் வீட்டில் பேச்சு முற்றியதும் ‘சரி, நான் கிளம்புறேன்’ என்று விருட்டென்று எழுந்து, கதவுப் பிடியில் கை வைத்தபடி, ‘உக்காருங்க’ என்று யாராவது சொல்கிறார்களா என்று நீங்கள் நின்றதே இல்லையா? இல்லவே இல்லை என்கிறீர்களா? இப்படி அவதூறு செய்தால் இனி என் எழுத்தைத் தொடுவதில்லை என்று கடிதம் எழுதப் போகிறீர்களா? தாராளமாக எழுதுங்கள், உங்கள் முடிவை மதிக்கிறேன். என்றைக்கு விழா வைத்துக்கொள்ளலாம், சொல்லுங்கள். நூலக மாடி காலியாகத்தான் இருக்கிறது.