ஹோல்டான் ஓடிய மூன்று கிலோமீட்டர்

ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் சத்தியவேட்டில் எந்தக் கல்யாண வேனும், எந்தப் பள்ளிச் சுற்றுலாவும், எந்தச் சவ ஊர்வலமும் நேரத்துக்குக் கிளம்பாததற்கு ஒரே ஒரு மனிதர்தான் காரணம். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். ஊருக்கு அவர் ஹோல்டான்.

இருபத்தெட்டு வருடம் சத்தியவேட்டுக்கும் சென்னைக்கும் இடையே ஓடிய தனியார் பஸ்ஸில் கண்டக்டர். 'ஹோல்டான்' என்று ஒரு விசில் ஊதினால் வண்டி நிற்கும், 'ரைட்டு' என்று இரண்டு ஊதினால் கிளம்பும். வேலையை விட்டபோது தோல் பையை முதலாளியிடம் திருப்பிக் கொடுத்தார். விசிலைக் கொடுக்கவில்லை. அது கறுப்புக் கயிற்றில் அவர் கழுத்தில் தொங்கியது. எங்கள் வீட்டுக்குக் கீழ்வீட்டில் தனியாகக் குடியிருந்தார். இரண்டு பேருக்கு மேல் சேர்ந்து எங்கே புறப்பட்டாலும் வந்து நின்று தலை எண்ணுவார். எண்ணிக்கை சரியாக வரும்வரை யாரும் நகர முடியாது.

எங்கள் தெரு மளிகைக்காரரின் சவ ஊர்வலம் முனை திரும்பும்போது பின்னாலிருந்து ஒரு நீண்ட விசில் வந்தது. பாடை தூக்கிய நால்வரும் பழக்க தோஷத்தில் நின்றுவிட்டார்கள்.

"மச்சான்காரன் செருப்பு எடுக்கப் பூட்டான். வரட்டும்" என்றார் ஹோல்டான்.

"இன்னா ண்ணா இது, பொணம் காத்துகினு கீது."

"அவருக்கு இன்னாபா அவசரம்?"

அவரைத் திருத்தியிருக்கலாம். ஆனால் ஒரு முகூர்த்த நாளில் நாகலாபுரத்துக்குப் புறப்பட்ட மாப்பிள்ளை வீட்டு வேனை நிறுத்தி மூன்று முறை எண்ணினார். வேன் முழுக்க வசவு. எண்ணிக்கையில் ஒரு தலை குறைந்தது. அது மாப்பிள்ளை. கார்க்காரன் வேனில் இருக்கிறான் என்று நினைத்து, வேன்காரன் காரில் இருக்கிறான் என்று நினைத்து, மாப்பிள்ளை சலூனில் உட்கார்ந்திருந்தான். அந்த ஒரு தடவை அவர் சொன்னது சரியாகிவிட்டதற்கு ஊர் பல வருடம் அனுபவித்தது.

இப்படிப்பட்டவரை நான் ஏன் ஓட்டப் பந்தயத்துக்கு அழைத்துப் போனேன் என்பதற்கு என் மகள் நந்தினிதான் விளக்கம். அவளுக்குப் பத்து வயது. பள்ளி விளையாட்டு விழாவில் நாலு வருடமாகத் தவறாமல் கடைசி. திருப்பதியில் ஒரு குடியிருப்புக் காலனி சங்கத்தார் குடும்ப ஓட்டம் நடத்துகிறார்கள் என்று போனில் செய்தி வந்தது. மூன்று கிலோமீட்டர். குடும்பத்துக்கு நாலு பேர். நாலு பேரும் நாற்பது நிமிடத்துக்குள் ஒன்றாகக் கோட்டைத் தாண்டினால் எல்லோருக்கும் மெடல். முதலாவதாக வர வேண்டியதில்லை. நந்தினி அதை இரண்டு முறை படித்தாள். பிறகு டி.வி.க்கு மேலே சுவரில் ஒரு ஆணி அடித்தாள். மெடலுக்கு.

நான், என் மனைவி வசந்தி, நந்தினி. நாலாவதாக வருவதாகச் சொன்ன மாமனார், ஓட்டத்துக்கு முந்தைய நாள் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நந்தினி ஆணியைப் பார்த்தாள். பிறகு மாடிப்படியில் இறங்கிப் போனாள். ஐந்து நிமிடத்தில் கீழிருந்து இரண்டு விசில் கேட்டது. நாலாவது ஆள் கிடைத்துவிட்டார்.

காலை முதல் பஸ். அதில் பயணிகளாக நாங்கள் மூன்று பேர்தான் போனோம். ஹோல்டான் வேலைக்குப் போனார். நாகலாபுரத்தில் வண்டி நகர்ந்ததும் எழுந்து நின்று, "ஹோல்டான், ஹோல்டான், பின்னாடி ஒரு அம்மா கூடைய தூக்கிகினு வருது" என்றார். அந்தக் கூடை ஏறுவதற்குள் மூன்று நிமிடம் போயிற்று. பஸ்ஸின் உண்மையான கண்டக்டர், இருபத்தைந்து வயதுப் பையன், பொறுத்துப் பார்த்துவிட்டுத் தெலுங்கில் கேட்டான்.

"பெத்தாயனா, டியூட்டி நாதா, மீதா?"

"டியூட்டி நீதே நாயனா. பஸ்ஸு அந்தரிதி." வேலை உன்னுடையதுதான், பஸ் எல்லோருடையது என்று பொருள். பஸ்ஸில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். வசந்தி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திருப்பதி மைதானத்தில் பந்தல் போட்டு, 'குடும்ப பருகு' என்று தெலுங்கில் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். ஹோல்டான் அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். "தெலுங்குல பருகுன்னா ஓடறது. தமிழ்ல பருகுன்னா குடிக்கிறது. எதுக்கும் ரெண்டும் செஞ்சிடுவோம்." நீர்மோர் வைத்திருந்த மேஜையில் அவர் நாலு டம்ளர் பருகினார்.

பதிவு மேஜையில் இருந்த பெண் அவரைக் காட்டி, "ஈயன மீக்கு ஏமவுதாரு?" என்று கேட்டாள். உங்களுக்கு இவர் என்ன முறை என்பது கேள்வி. நான் பெரியப்பா என்பதா, மாமா என்பதா என்று யோசிப்பதற்குள், "கண்டக்டர்" என்றார் அவர். அவள் வேலை மும்முரத்தில் உறவு என்ற கட்டத்தில் அதையே எழுதிக்கொண்டாள்.

சிறப்பு விருந்தினர் கொடியைக் கையில் வைத்துக்கொண்டு ஆரோக்கியம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். இருநூறு குடும்பங்கள் கோட்டில் நின்றன. ஹோல்டான் எங்களை எண்ணினார். அப்பா, அம்மா, பாப்பா, நானு. சரி. எண்ணிக்கை சரியாக இருந்தால் அவர் உடம்பு ஒன்றைத்தான் செய்யும். இரண்டு விசில் ஊதினார்.

இருநூறு குடும்பங்களும் ஓடிவிட்டன. விருந்தினர் 'ஆரோக்கியமே' என்ற சொல்லில் நின்றார். மேடையில் இருந்த ஒருவர் அவசரமாகக் கடிகாரத்தை அழுத்துவதைத் திரும்பிப் பார்த்தேன். விருந்தினர் யாருமற்ற கோட்டில் கொடியை மெதுவாக அசைத்தார்.

ஓட்டம் ஒன்றரைக் கிலோமீட்டர் போய், அதே சாலையில் திரும்பி வருவது. ஹோல்டான் லுங்கியை மடித்துக் கட்டி, செருப்போடு, சீராக ஓடினார். நூறடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்து நாலு என்றார். எங்களைக் கடந்து போன ஒரு குடும்பத்தையும் எண்ணி, "உங்கள்து மூணுதான் கீது" என்று சொல்லி, அவர்களில் ஒருவரைத் திரும்பிப் போய்த் தேட வைத்தார். வசந்தி ஓடிக்கொண்டே சொன்னாள்: "இவர கூப்ட்டுகினு வந்ததுக்கு எங்கப்பாவ தூக்கிகினே ஓடியிருக்கலாம்."

முக்கால் கிலோமீட்டரில் எனக்கு மூச்சு போயிற்று. இடது பக்கம் ஒரு டீக்கடை. எப்படியும் இதே வழியாகத் திரும்பி வரப் போகிறார்கள்; அதுவரை உட்கார்ந்துவிட்டு வரும்போது சேர்ந்துகொண்டால் யாருக்கும் தெரியாது. கடை பெஞ்சில் அன்றைய பேப்பர் கிடந்தது. டீ வந்தது. இரண்டாம் பக்கம் படித்து, மூன்றாம் பக்கத்துக்குப் போனேன். சாலையின் மறுபக்கமாக என் குடும்பம் திரும்பிப் போனதை நான் பார்க்கவில்லை. கூட்டத்தில் அவர்களும் என்னைப் பார்க்கவில்லை.

பிறகு நடந்தது வசந்தி சொன்னது. என் நிறச் சட்டையில் பின்னால் ஓடி வந்த யாரையோ நான் என்று எண்ணி ஹோல்டான் வழியெல்லாம் நாலு சொன்னார்; அதை நம்பி இவளும் திரும்பிப் பார்க்கவில்லை. முப்பத்தாறாவது நிமிடத்தில் கோட்டுக்குப் பத்தடி தூரத்தில் இருந்தார்கள். மெடல்கள் மேஜையில் அடுக்கியிருப்பது தெரிந்தது. நந்தினி கையை நீட்டிக்கொண்டே ஓடினாள். அப்போது ஹோல்டான் கடைசி முறையாகத் திரும்பி, முகம் முகமாகப் பார்த்து எண்ணினார். மூன்று. ஒரு நீண்ட விசில். பின்னால் வந்த பதினைந்து குடும்பங்களும் நின்றுவிட்டன. சங்கத்துக்காரர் ஒருவர் ஓடி வந்து, யார் நிறுத்தச் சொன்னது, ஓடுங்கள், ஓடுங்கள் என்று கெஞ்சினார். ஹோல்டான் வசந்தியையும் நந்தினியையும் ஓரமாக நிறுத்திவிட்டு, வந்த வழியே ஓட ஆரம்பித்தார்.

நான் தலையைத் தூக்கியபோது முன்னால் லுங்கி நின்றது.

"இன்னா தம்பி, எறங்கிட்டியா?"

"இல்ல ண்ணா, சும்மா..."

"எறங்கறதா இருந்தா சொல்லிட்டு எறங்கணும்."

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். நாங்கள் நாலு பேரும் ஒன்றாகக் கோட்டைத் தாண்டியபோது நாற்பத்தாறு நிமிடம். "டைம் அயிபோயிந்தி" என்றாள் மேஜைப் பெண். மெடல் இல்லை. ஆளுக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தாள்.

வசந்தி அங்கேயே ஆரம்பித்தாள். "பத்தடி. பத்தே பத்தடி ண்ணா. மூணு பேரா தாண்டியிருந்தா இன்னா ஆயிருக்கும்? அங்க எவனும் எண்ணிகினு நிக்கல."

"அவங்க எண்ணல மா" என்றார் அவர். "நான் எண்ணிட்டனே."

நந்தினி அழவில்லை. அழுதிருந்தால் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து முடித்திருப்பேன். வாழைப்பழத்தை உரிக்காமலே பஸ்ஸில் ஏறினாள். புத்தூர் தாண்டியதும் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"டீ நல்லா இருந்துச்சா நைனா?"

அவ்வளவு நேரமும் இதற்கெல்லாம் ஹோல்டான்தான் காரணம் என்று மனதுக்குள் ஒரு பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன். அதை அங்கே நிறுத்த வேண்டியதாயிற்று. அவர் முன் சீட்டில் குனிந்து உட்கார்ந்திருந்தார். நாகலாபுரத்தில் ஒரு ஆள் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தான். அதைப் பார்த்தும் அவர் ஊதவில்லை. வண்டி போய்விட்டது. எனக்குத் தெரிந்து அவர் விட்டுவிட்டுப் போன ஒரே பயணி அந்த ஆள்தான்.

மறுநாள் காலை மாடியேறி வந்தார். கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி டி.வி.க்கு மேலே அந்த ஆணியில் மாட்டினார்.

"மெடல் இல்லியே தாத்தா" என்றாள் நந்தினி.

"மெடல ஊதுனா பஸ்ஸு நிக்குமா பாப்பா?"

அவள் நம்பாமல் எடுத்துப் போய் ஜன்னலில் நின்று ஊதிப் பார்த்தாள். தெருவில் பால்காரர் வண்டியை நிறுத்தி, "யாருபா வரணும்?" என்று மேலே பார்த்துக் கேட்டார். நந்தினி முதல் முறையாகச் சிரித்தாள். பிறகு பதினைந்து நாள் எங்கள் தெருவில் பால் நேரத்துக்கு வரவில்லை.

போன மாதம் ஹோல்டான் குப்பத்துக்குப் பக்கத்தில் சாந்திபுரத்தில் இருக்கும் மகன் வீட்டோடு போய்விட்டார். பீரோ, கட்டில், இரண்டு மூட்டை, ஒரு சின்ன லாரி. முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தவர் பழக்கத்தில் கழுத்தைத் தடவினார். அங்கே ஒன்றும் இல்லை. அண்ணாந்து மாடியைப் பார்த்தார்.

"பாப்பா, எல்லாம் ஏறியாச்சு. ரைட்டு குடு."

டிரைவர் வண்டியைக் கிளப்பினார். அவர் குப்பம் பக்கம் இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும். எனக்கு எட்டு மணி ஷிஃப்ட். வசந்தி அடுப்பில் பால் வைத்திருந்தாள். நந்தினி ஆணியிலிருந்து விசிலை எடுத்து வந்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சை நன்றாக இழுத்து ஊதினாள்.

ஒரே ஒரு விசில்தான் ஊதினாள்.

லாரி நின்றது. இரண்டாவதாக ஊதச் சொல்லி எங்கள் வீட்டில் யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.