சத்து சிந்தாத கஞ்சி

உலகில் நோயாளிகளைக் காப்பாற்றிய ஆஸ்பத்திரிகள் எத்தனையோ உண்டு. சத்தைக் காப்பாற்றிய ஆஸ்பத்திரி எங்களுடையது ஒன்றுதான். அதன் உணவுக் குழுவில் அடியேனும் ஓர் உறுப்பினன் என்பதைத் தன்னடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

காலைக் கஞ்சி இனி கினோவா என்ற சீமைத் தானியத்தில்தான் என்று முடிவானதும், எந்த ரகம் என்று தேர்ந்தெடுக்கக் குழு கூடியது. வெள்ளை ரகம் கசக்காது. மஞ்சள் ரகம் கசக்கும். ஆனால் புரதம் ஒரு மயிரிழை அதிகம். மயிரிழை என்றால் சும்மாவா? குழுத் தலைவியான உணவு அதிகாரி கண்கலங்கிவிட்டார்.

"கசப்பெல்லாம் மேல்தோல்லதான் மேடம். நுரை போக அலசிட்டா சரியாயிடும்," என்றார் சமையல் மேற்பார்வையாளர்.

"அலசினா சத்தும் சேர்ந்து ஓடிடுமே! சாக்கடைக்கா நாம சத்து ஊட்டறோம்?"

'அலசாத மஞ்சள்' ஏகமனதாக நிறைவேறியது. நானும் கை தூக்கினேன். இரண்டு கையையும் தூக்கியதாகச் சிலர் சொல்வது மிகை.

அந்தச் சமயம் என் மாமனார் எங்கள் வார்டில்தான் படுத்திருந்தார். உடம்பு கொஞ்சம் தேறினால்தான் வயிற்றில் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தேற்றுவதற்கு எங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்? வீட்டுச் சாப்பாடு வார்டுக்குள் வரக்கூடாது. அதுவும் எங்கள் குழுவின் சாதனையே.

கஞ்சி வந்தது. மேலே துணி துவைத்த தண்ணீர் மாதிரி நுரை. மாமனார் ஒரு வாய் வைத்தார், முகம் அஷ்டகோணலாயிற்று, கிண்ணத்தைத் தள்ளிவிட்டார். என் மனைவி விரலால் தொட்டு நக்கிப் பார்த்து, ஜன்னலுக்கு ஓடித் துப்பினாள்.

"ஐயோ, இது கஞ்சியா? எங்கப்பா என்ன பாவம் பண்ணாரு?"

"கசப்பு நாக்கோட கோளாறும்மா, கஞ்சியோடது இல்ல," என்று குழுவின் நிலைப்பாட்டை எடுத்துரைத்தேன்.

"உங்க குழுவுல யாராவது இதைக் குடிச்சுப் பாத்தீங்களா?"

"குழு மதிப்பிடும். குடிக்காது."

வார்டு முழுக்க இதே கதை. கிண்ணங்கள் போனபடியே திரும்பி வந்தன. பதற வேண்டாம். தலைவி அந்த மிச்சத்தை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. அடுப்படியில் புறப்பட்ட சத்து, அணுவளவும் குறையாமல் குப்பைத்தொட்டி வரை பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தது! 'சத்திழப்பு: அறவே இல்லை' என்று வாசலில் பலகை மாட்டினோம்.

மாமனாரின் எடை மட்டும் நாளுக்கு நாள் இறங்கியது. "இந்த உடம்பு கத்தியைத் தாங்காது," என்று டாக்டர் ஆபரேஷனைத் தள்ளிவைத்தார். குழு இதையும் கனிவுடன் பரிசீலித்தது. கினோவா ரகத்தில் ஒரு குறையும் இல்லை. நோயாளிகளில்தான் மட்ட ரகம் கலந்துவிட்டது என்று தீர்மானம் போட்டது.

அதை மாமனாரிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். மனைவி என் முகத்தைப் பார்க்காமல், எலும்பும் தோலுமான அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மாமனார் தலையணையிலிருந்து மெல்லத் தலையைத் திருப்பி, மேஜைமேல் இருந்த கிண்ணத்தைக் காட்டினார்.

"டாக்டர்கிட்ட சொல்லுங்க மாப்ளே, ஆபரேஷனை அதுக்கே பண்ணிடட்டும். இந்த வார்டுல தெம்பா இருக்கிறது அது ஒண்ணுதான்."