மாமியாருக்கு ஒரு புலி

தறியிலிருந்து அறுத்தெடுத்துத் தரையில் விரித்த பிறகுதான் நோர்ஸினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கம்பளத்திலிருந்த புலிக்கு மாமியார் முகம்!

லோசர் புத்தாண்டுக்கு மூன்றே நாள். போகராவிலிருந்து மாமியார் யுதோன் காத்மாண்டுவுக்கு வருகிறார். போன வருஷம் ஒரு வாய்ச்சண்டையில் கோபித்துக்கொண்டு, பண்டிகை முடிவதற்குள் பஸ் ஏறிப் போனவர். அவரைச் சமாதானப்படுத்தத்தான், கட்டிலில் விரித்து உட்கார ஒரு புலிக் கம்பளம் என்று நான்கு மாதமாக முடிச்சு முடிச்சாகப் போட்டிருந்தாள். வேலை பார்க்கும் பட்டறையில் யார் யார் வீட்டுக்கோ நெய்தபோது ஒரு புலிகூட இப்படி மோசம் செய்ததில்லை. நெரித்த புருவம், குற்றம் கண்டுபிடிக்கக் காத்திருக்கும் கண்கள்.

"என்னங்க, இந்தப் புலி யாரை மாதிரி இருக்கு?"

புருஷன் தொண்டுப் ஒரு பார்வை பார்த்தான். குடித்துக்கொண்டிருந்த உப்புப் போட்ட வெண்ணெய்த் தேநீர் புரையேறியது.

"புலி... புலி மாதிரிதான் இருக்கு" என்றவன் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே ஓடினான்.

பெற்ற தாயை அடையாளம் தெரியாமலா போகும்!

நோர்ஸின் கத்தரியை எடுத்தாள். புருவத்துக் கம்பளியைச் சீவி மெலிதாக்கினாள். புலி முறைப்பதை நிறுத்திவிட்டு, டீயில் உப்பு போதாது என்று சொல்ல வாயெடுத்தது.

வாயோரத்து முடிச்சுகளைப் பிடுங்கி, ஊசியால் மேல்நோக்கி வைத்துக் கட்டினாள். புலி சிரித்தது. அடுத்த வீட்டு வம்பைக் கேட்டுவிட்டுச் சிரிக்கிற சிரிப்பு.

பலகாரத் தட்டோடு எட்டிப் பார்த்தாள் பக்கத்து வீட்டுப் பல்சோம். அடுத்த நிமிஷம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ அக்கா, அச்சு அசல்! உனக்கு எப்படிக்கா இது தோணுச்சு?"

"மெதுவாப் பேசுடி. ரொம்பவா தெரியுது?"

"பச்சைக் குழந்தைகூடச் சொல்லிடும். அந்த மூக்கு ஒண்ணு போதாதா?"

மூக்கையும் சீவினாள். கை தவறி ஒரு பக்கம் பள்ளமாகிவிட்டது. இனி சீவ ஒன்றுமில்லை. கம்பளத்தைக் கட்டிலில் குப்புறப் போட்டாள். நாளைக்கு எங்காவது ஒளித்துவிடலாம்.

மாமியார் மறுநாள் காலையிலேயே வந்து இறங்கிவிட்டார். "காலெல்லாம் விட்டுப்போச்சு" என்று நேரே கட்டிலுக்குப் போனார்.

"இதென்ன, யாராச்சும் அடிப்பக்கத்தை மேல போடுவாங்களா?" என்று ஒரே இழுப்பில் புரட்டினார்.

தொண்டுப் கூரையைப் பார்த்தான். விருந்தாளியைப் பார்க்க வந்த பல்சோம் வாசலிலேயே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மன்னிச்சுடுங்க அத்தை." நோர்ஸினுக்கு அழுகையே வந்துவிட்டது. "வேணும்னு செய்யல. கை தன்னால அப்படிப் போட்டுடுச்சு. என்னென்னவோ மாத்திப் பார்த்துட்டேன்."

மாமியார் குனிந்து புலியின் புருவத்தைத் தடவினார், வாயைத் தடவினார். நிமிர்ந்து மருமகளைப் பார்த்தார். மறுபடி புலியைப் பார்த்தார்.

"இதுக்கா அழற? நல்லாத்தானே போட்டிருக்க. ஆனா, உன் மூஞ்சி மேல நான் எப்படிம்மா உக்கார்றது?"